போனவன் கதை, இருந்தவள் கதை

சிறுபத்திரிகைக் கூட்டங்களிலும் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும் ஒரு கருத்து இப்போது கேட்பாரற்று உலவுகிறது. ஒரு பிரதிக்குள் பிற பிரதிகள் ஊடாடும் ஊடுபனுவல் என்பது எண்பதுகளில் அமைப்பியலோடு தமிழுக்கு வந்து சேர்ந்ததாம். அதற்கு முன் நம்மிடம் இருந்ததெல்லாம் தழுவலும் மேற்கோளும்தானாம். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள். எழுதுகிறவனுக்கென்று தனியாக ஒரு ‘நான்’ கிடையாது, பல பிரதிகள் வந்து மோதும் இடம்தான் அவன், ஆகவே அடையாளம் என்பதே மயக்கம் என்று. முதல் கருத்து வரலாறு தெரியாமல் சொல்வது. இரண்டாவது அதைவிட மோசம், வாசகனின் வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. ஒருவனுக்குள் பல பிரதிகள் மோதுகின்றன என்பது உண்மைதான். மோதிய பிறகு அவன் எதை வைத்துக்கொண்டான், எதை உதறினான், யாரை மறந்தான் என்று கேட்காவிட்டால் விமரிசனம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கப் பழநியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சங்கப் பாட்டு, ஆற்றுப்படை, திருப்புகழ், தலபுராணம், காவடிச் சிந்து, சினிமா என்று அத்தனையும் ஒரு குன்றின்மேல் வந்து படிந்திருக்கின்றன. அதே மலைத்தொடரின் மறுபக்க அடிவாரத்தில் வத்தலகுண்டு இருக்கிறது. தமிழ் நாவலின் தொடக்க கால எழுத்தாளர்களில் ஒருவரும், நவீனத் தமிழ் விமரிசனத்தின் பிடிவாதக்காரர் ஒருவரும் அந்த ஊர்க்காரர்கள். மலையைச் சுற்றி எழுதப்பட்டதைத் தொகுத்துப் பார்த்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டை விட்டு ஒருவன் போகிறான். போனவனைப் பாடியவர்கள் ஏராளம். வீட்டில் இருந்தவளைப் பாடியவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் என் அக்கறை.

பழநியின் பழம்பெயரான பொதினி மலைக்குரிய வையாவிக் கோப்பெரும் பேகனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வை கொடுத்தவன். ஆனால் புறநானூற்றில் 141 முதல் 147 வரை உள்ள ஏழு பாட்டுகளையும் தொடர்ச்சியாகப் படித்தால் கிடைக்கும் பேகன் வேறு ஆள். அவற்றில் ஐந்து பாட்டுகள் அவன் கைவிட்ட மனைவியின் பொருட்டுப் பாடப்பட்டவை. பரணர், கபிலர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள், பரிசிலுக்குப் போன இடத்தில், பரிசில் வேண்டாம், தேரில் குதிரையைப் பூட்டு, அவளிடம் போ என்கிறார்கள். 145இல் பரணர் செய்வதைக் கவனிக்க வேண்டும். மயிலுக்குப் போர்வை தந்த பெருமையைச் சொல்லித்தான் பாட்டைத் தொடங்குகிறார். கேட்கிறவன் தலைநிமிர்ந்திருக்கும் நேரத்தில், பசித்து வரவில்லை, சுற்றத்தின் பாரமும் எங்களுக்கு இல்லை, இன்றிரவே போய் அவள் துயரத்தைத் தீர்ப்பதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார். புகழ்ச்சி அப்படியே குற்றச்சாட்டாகத் திரும்பிவிடுகிறது. பரிசில் துறையின் வாய்பாடு முழுவதும் பரணருக்குத் தெரியும். கேட்கிற பேகனுக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்த வாய்பாட்டை உடைத்தால்தான் அந்த அடி விழும். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மரபு வேலை செய்வதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

144 இன்னும் ஆழமானது. யாழிசைத்துப் பாடிக்கொண்டு வந்தவர்கள், அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம், நீ அவனுக்கு உறவா என்று கேட்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்கிறாள். என்னைப் போல ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த ஓர் ஊருக்கு அவன் நாள்தோறும் போகிறானாம், ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்கிறாள். இது அகப்பாட்டுத் தலைவியின் குரல். பரத்தையிடம் போன தலைவனைப் பற்றி மருதத் திணைப் பெண் பேசுவது போன்ற பேச்சு. ஆனால் அகத்தில் யாருக்கும் பெயர் சொல்லக்கூடாது. இங்கே பேகன் என்ற பெயர் பாட்டிலேயே இருக்கிறது. ஒரு வேளிர் தலைவனின் மனைவி, மனைவி என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலையில், மனைவி இல்லை என்று சொல்வதன் மூலமே தன்னைச் சொல்லிவிடுகிறாள். அவளுக்கு அதற்கான மொழியைத் தந்தது அகமரபு. அவளுடைய ‘நான்’ கடன் வாங்கிய குரலில் கரைந்துபோகவில்லை, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறது. திணை வகுத்தவர்கள் இப்பாட்டுகளைப் பெருந்திணை, குறுங்கலி என்று குறித்து வைத்தார்கள். கண்ணகி என்ற அவளுடைய பெயரும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது, பாட்டுக்குள் இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேதனை. சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரை வரிசைப்படுத்தியபோது பேகனுக்கு மயிலும் போர்வையும் மட்டும் மிஞ்சின. மனைவி உதிர்ந்துபோனாள். நம் பாடநூல்கள் இன்றுவரை அந்த வரிசையிலிருந்துதான் எடுக்கின்றன. ஒரு நூல் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்வது மட்டும் உறவல்ல, விட்டுவிடுவதும் உறவுதான். பழநி வட்டாரத்துக்காரர் ஒருவர் பேகனின் மண் எங்களுடையது என்று பெருமையோடு சொல்லும்போது, அந்தப் பெருமை எதன்மேல் நிற்கிறது என்பதையும் அந்த விடுபடல்தான் தீர்மானிக்கிறது.

முருகனின் கதியும் இதுவே. திருமுருகாற்றுப்படையில் ஆவினன்குடி முருகன் மனைவியோடு தங்கியிருப்பவன். பிரமனுக்காகப் பரிந்து பேச முனிவர்கள் முன்செல்ல, திருமாலும் சிவனும் இந்திரனும் அவனைத் தேடி வருகிறார்கள். அங்கே பழம் இல்லை, போட்டி இல்லை, கோவணம் இல்லை. அடிவாரத்துக் கோயில் அந்தப் பழைய பெயரை வைத்துக்கொண்டு கீழேயே இருக்க, மலை உச்சியில் தண்டமேந்திய ஆண்டி நிற்கிறான். இருவரும் ஒருவரே என்று பக்தர்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். மலைக்கோயிலில் அதிகாலை விளாபூசையில் சந்நியாசி அலங்காரம். சாயரட்சையில் கிரீடமும் ஆபரணமும் அணிந்த ராஜ அலங்காரம். ஆண்டிக் கோலத்தைப் பார்த்தவர்கள் ராஜ அலங்காரத்தையும் பார்த்துவிட்டுத்தான் மலை இறங்க வேண்டும் என்று பாதயாத்திரை வருகிற குடும்பங்களில் சொல்வார்கள். பேரப்பிள்ளைகளோடு வரும் அப்பத்தாக்கள் சாயரட்சை வரை மண்டபத்தில் உட்கார்ந்து காத்திருப்பதைத் தைப்பூசத்தின்போதும் பங்குனி உத்திரத்தின்போதும் காணலாம். குடும்பத்தையும் துறவையும் பற்றி நம் புலவர்கள் நூற்றாண்டுகளாகத் தடுமாறிய விஷயத்தை அந்தப் பெண்கள் ஒரு நாள் தரிசனத்துக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள்.

அருணகிரிநாதர் தடுமாறியவர்களில் தலையானவர். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரது திருப்புகழில் பழநிக்குரிய பாடல்கள் மட்டும் தொண்ணூறுக்கு மேல். வடசொல்லும் தென்சொல்லும் ஒரே சந்தத்தில் உருள, ராமனும் கண்ணனும் மாமன் முறையில் உள்ளே வர, குறிஞ்சிப் புனத்து வள்ளி கடைசி அடியில் வந்து நிற்பாள். ஆவினன்குடிப் பாடலொன்றில் ஆதியுலா பாடிய சேரமானையும் கொங்கு வைகாவூர் நாட்டையும் நினைவுகூர்கிறார்; அந்த நாட்டுப் பெயரில் எனக்குப் பழைய வையாவி கேட்கிறது. இப்படி அடுக்கடுக்காக நூல்களைச் சுமந்த நாக்கு தமிழில் வேறில்லை. ஆனால் வீட்டில் இருந்தவளுக்கு அங்கே இடம் கிடையாது. வள்ளி தெய்வம், மற்ற பெண் மயக்கம். மருதப் பாட்டின் பரத்தையை எடுத்துக்கொண்டவர், அவளைப் பற்றிப் பேசிய மனைவியை எடுத்துக்கொள்ளவில்லை. சந்தத்தின் மகத்துவத்தில் இந்த இழப்பை நாம் கேட்காமலே போய்விட்டோம்.

பிறகு சில நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டலாம். தலபுராணங்களும் பதிகங்களும் பிள்ளைத்தமிழும் சம்பிரதாயம் பிசகாமல் வந்தன. பெரும்பாலானவற்றில் ஒரு நூல் இன்னொன்றோடு சண்டை போடுவதில்லை, வணங்கிவிட்டு விலகிக்கொள்கிறது. ஒருவரை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். பழநியில் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884). சிறுவயதில் அம்மையில் கண்பார்வை இழந்தவர். ஏட்டை அவர் பார்த்ததில்லை. நூல்கள் அத்தனையும் காது வழியாகவே அவருக்குள் போயின. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஆதரவு பெற்று, சொன்ன மாத்திரத்தில் பாடும் வல்லமைக்காகக் கொண்டாடப்பட்டார். சித்திரகவி, சிலேடை, யமகம் என்று அவர் பாடியவை இன்று பழநிக் கல்லூரிகளிலேயே எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? அவரது பாடல்கள் பெருங்கவிதை என்று வாதாட மாட்டேன். ஆனால் ஒரு மனிதனின் நினைவே நூலகமாக இருந்த கடைசித் தலைமுறை அது. அந்தத் தலைமுறையை அறியாமல் அடுத்து வந்தவரின் சிரிப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தச் சிரிப்பு ராஜமையருடையது. வத்தலகுண்டு மதுரை ஜில்லாவில் இருந்த காலத்தில், 1872இல் பிறந்தவர். சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்தார். ‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் 1895 வரை ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ எழுதினார். 1896இல் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’ ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியராகி வேதாந்தக் கட்டுரைகளைக் குவித்தார். 1898இல், இருபத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். இந்தக் கொஞ்ச ஆயுளுக்குள் அவருக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பாருங்கள். கம்பனிலும் தாயுமானவரிலும் ஊறிய தமிழ் மாணவன். ஆங்கிலக் கவிஞர்களையும் நாவலாசிரியர்களையும் கரைத்துக் குடித்த பட்டதாரி. அக்கிரகாரத் திண்ணைப் பேச்சை வரி பிசகாமல் கேட்டு வைத்திருந்த ஊர்ப் பையன். உலகமே பொய்யென்று நம்ப விரும்பிய அத்வைதி.

இந்த நால்வரும் அந்த நாவலில் ஒற்றுமையாக இல்லை. அதுதான் அதன் உயிர். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பண்டிதர், பேச்சுக்குப் பேச்சு செய்யுள், எதைக் கண்டாலும் அதைப் பற்றிய பாட்டு முதலில் நினைவுக்கு வரும், அந்தப் பொருள் பிறகுதான் கண்ணில் படும். ராஜமையர் அவரைச் சந்தி சிரிக்க வைக்கிறார் என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலில் அவர் வரும் பக்கங்களில்தான் ராஜமையரின் தமிழ் மிக உல்லாசமாக இருக்கிறது. நாவலர்களின் உலகத்தைக் கேலி செய்கிற அதே கை, அந்த உலகத்தின் சொற்செல்வத்தை அள்ளி அனுபவிக்கிறது. தனக்குள் இருக்கும் பண்டிதனை ஆங்கிலம் படித்தவன் கேலி செய்கிறான். கேலி செய்யும்போதே அவனிடம் தோற்கிறான்.

முற்பாதி நாவல், பிற்பாதி வேதாந்தம் என்று நம் விமரிசகர்கள் இந்நூலின்மேல் குறைபட்டுக்கொள்வார்கள். வம்புப் பேச்சும் பொறாமையும் கல்யாணச் சந்தடியுமாக இருந்த சிறுகுளத்தை விட்டு முத்துஸ்வாமி ஐயர் வெளியேறுகிறார். பணம் போய், பிள்ளையைப் பறிகொடுத்து, மனைவிமேல் அபவாதமும் காதில் விழுந்தபின் குருவைத் தேடி அடைகிறார். கதையைவிட அலைந்து தவித்த ஓர் ஆத்மாவின் கரையேற்றமே தன் நோக்கம் என்ற கருத்தில் ஆசிரியரே எழுதியிருக்கிறார். இதைக் கட்டுமானக் கோளாறு என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. நாவல் என்ற மேற்கத்திய வடிவம் மனிதனை வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. ராஜமையர் மனப்பாடம் செய்திருந்த பாடல்களோ வீட்டை விட்டு வெளியே வரச் சொல்கின்றன. இரண்டில் ஒன்றை அவரால் விட முடியவில்லை. நூல் பிளந்த இடம் அவர் பிளந்த இடம். அதை ஒட்டுப்போட்டு மறைக்காமல் அச்சுக்குக் கொடுத்தாரே, அந்த நேர்மைக்குத்தான் நான் அவரை மீண்டும் மீண்டும் படிக்கிறேன்.

கமலாம்பாளை நினைத்தால் மட்டும் மனம் ஒப்பவில்லை. நூலின் தலைப்பு அவளுடையது, அபவாதம் அவள்மேல். அவள் துயரத்தை ராஜமையர் உருகி எழுதியிருக்கிறார். கடைசியில் தம்பதிகள் சேரவும் செய்கிறார்கள். ஆனாலும் பாதை அவருடையது, பின்தொடர்வது அவளுடையது. சந்தேகப்பட்டுப் போனவர் ஞானியாகத் திரும்புகிறார். சந்தேகிக்கப்பட்டவளுக்குத் தன் கேள்வியைக் கேட்க ஓர் அத்தியாயம் இல்லை. பேகனின் மனைவிக்குக் கிடைத்த அந்தச் சில அடிகள்கூட இல்லை.

மணிக்கொடி எழுத்தாளர்களில் இந்தப் பாக்கியைத் தீர்த்தவர் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன். ‘சாபவிமோசன’த்தில் அகலிகை எடுத்த முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே, சீதையின் வாயிலிருந்து அக்கினிப் பிரவேசத்தைக் கேட்டபின் அவள் மறுபடி கல்லாகிறாள். அதைப் பற்றி எழுதிக் குவித்துவிட்டோம். அதே மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையாவும், அதில் எழுதிய சி.சு. செல்லப்பாவும் வத்தலகுண்டுக்காரர்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, எவரும் கண்டுகொள்ளாத நூலுக்கு வருகிறேன்.

செல்லப்பா என்றால் இன்று ‘வாடிவாசல்’. ஜல்லிக்கட்டு விவாதங்களும் சினிமாச் செய்திகளும் சேர்ந்து அவரை அந்தச் சின்ன நூலுக்குள் அடைத்துவிட்டன. மற்றவர்களுக்கு அவர் ‘எழுத்து’ (1959–1970) நடத்திக் கைப்பொருளை அழித்துக்கொண்ட வறட்டு உருவவாதி. ‘எழுத்து’வில் தொடராக வந்து 1962இல் நூலான ‘ஜீவனாம்சம்’ நாவலை இரு தரப்பினரும் படிப்பதில்லை. இளம் விதவை சாவித்திரி அண்ணன் வீட்டில் இருக்கிறாள். புகுந்த வீட்டார்மேல் ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. வெளியில் நடப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் மனத்துக்குள்.

சாவித்திரி என்ற பெயரைச் செல்லப்பா யோசிக்காமல் வைத்திருக்க மாட்டார். பாரதத்துச் சாவித்திரி எமனோடு வாதாடிக் கணவனை மீட்டவள். இந்தச் சாவித்திரிக்கு மீட்க யாரும் இல்லை. அவள் சார்பில் வாதாடுவது வக்கீல். அவளுடைய உரிமை என்ன, இழப்பு என்ன, மாதாமாதம் எவ்வளவு என்பதெல்லாம் கோர்ட்டு மொழியில் எழுதப்படுகிறது. அந்த மொழியில் அவள் வாதி. அண்ணன் வீட்டுப் பேச்சில் அவள் பாவம், பொறுப்பு. ஊர்ப் பேச்சில் அபசகுனம். புராணப் பெயரில் பதிவிரதை. நான்கு பிரதிகள் அவளை நான்கு விதமாக எழுதி வைத்திருக்க, ஐந்தாவதாக அவள் தன்னைத் தானே மனத்துக்குள் எழுதிப் பார்க்கிறாள். வழக்குப் போட்டவர்கள் எதிர்பார்க்காத திசையில், புகுந்த வீட்டை நோக்கியே அவள் மனம் திரும்புகிறது. பிற்போக்கான முடிவு என்று இன்றைய வாசகர் ஒருவர் எளிதாகச் சொல்லிவிடலாம். அவள் எங்கே போகிறாள் என்பதோடு யாருடைய சொல்லுக்காகவும் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார். பேகன் மனைவிக்குப் பிறகு இந்த மலையைச் சுற்றி எழுதப்பட்டவற்றில், வீட்டில் இருந்தவளின் மனம் முழு நூலாக விரிந்தது இங்கேதான் என்பது என் துணிபு. நனவோடை உத்தி இதில் வெறும் மேலைநாட்டுப் பாணியாக நிற்கவில்லை. வெளியே சொல்ல வழியில்லாத வாதத்தை எழுத அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

மூன்று வருஷம் கழித்து, இலக்கியவாதிகள் திரும்பிப் பார்க்காத ஓர் இடத்தில் இதே விஷயம் நடந்தது. 1965இல் வந்த ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழநிக்கு வந்துவிட்ட முருகனைச் சமாதானம் செய்ய ஔவையாராகக் கே.பி. சுந்தராம்பாள் பாடுகிறார், நம் தலைமுறைக்குப் பழநிக் கதை என்றால் அந்தக் குரல்தான். ஆனால் படத்தின் சூட்சுமம் அதற்குப் பிறகு இருக்கிறது. பார்வதி வந்து, கோபித்துப்போன மகனுக்கு அவன் அப்பாவின் கதைகளைச் சொல்கிறாள். மதுரைத் திருவிளையாடல்கள் அத்தனையும் பழநி மலையில் ஒரு தாயின் வாய்வழியாக வருகின்றன. இரண்டு தலங்களின் புராணங்களை இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத் தைத்ததும், போனவனைத் தேடி வந்தவளையே கதைசொல்லியாக்கியதும் சாதாரணக் காரியமல்ல. கொட்டகையில் உட்கார்ந்து பார்த்த ஜனங்கள் இதைப் புரிந்துகொள்ள எந்தக் கோட்பாட்டு நூலுக்கும் காத்திருக்கவில்லை.

எண்பதுகளுக்கு வருவோம். பாரிஸில் ஜூலியா கிறிஸ்தேவா பக்தீனைப் படித்துவிட்டு அறுபதுகளின் பிற்பகுதியில் வகுத்த ஊடுபனுவல் கருத்தும், ஆசிரியனின் மரணம் பற்றி ரொலாண்ட் பார்த் எழுதியதும் இங்கே வந்து சேர்ந்தன. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ (1982) முக்கியமான நூல். அது திறந்த கதவை நான் மூடச் சொல்லவில்லை. அவருடைய ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ (1985) நாவலின் தலைப்பிலேயே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. பிரச்சினை பின்னால் வந்தவர்களிடம். தொண்ணூறுகளில் புராணத்தையும் நாட்டார் கதையையும் கல்வெட்டையும் அகராதியையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிட்டால் நாவல் என்று ஆயிற்று. எந்தப் பிரதியும் எந்தப் பிரதியோடும் மோதுவதில்லை, அருகருகே சும்மா கிடக்கின்றன. பரணருக்குப் பேகனிடம் கேட்க ஒன்று இருந்தது. ராஜமையருக்குத் தன் வாழ்வையே பணயம் வைக்கிற அளவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவர்களில் பலருக்கு எதுவும் பணயத்தில் இல்லை. ‘நான்’ என்பதே பிரமை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவனுக்குள் எந்தப் போராட்டம் நடக்கும்? ராமாயண, பாரத மறுவாசிப்புகள் புத்தகக் கண்காட்சிதோறும் வந்து குவிகின்றன. பெரும்பாலானவற்றில் பாத்திரங்கள் நம் காலத்துச் சரியான கருத்துகளைப் புராண உடையில் ஒப்பிக்கின்றன.

விதிவிலக்காக நான் காட்டக்கூடியது கொங்கு நாட்டிலிருந்தே வருகிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. திருச்செங்கோட்டு அர்த்தநாரியின் பெயரைத் தாங்கிய நாவலில் காளி, பொன்னா என்ற பிள்ளையில்லாத் தம்பதி. நூலைச் சூழ்ந்த எதிர்ப்பும், 2015 ஜனவரியில் எழுத்தாளர் எழுதுவதையே கைவிடுவதாக அறிவித்ததும், 2016இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பும் நூலைப் பற்றிய பேச்சு முழுவதையும் விழுங்கிவிட்டன. அதனால் 2014இல் வந்த இரண்டு தொடர்ச்சிகளை அதிகம் பேர் சேர்த்து வைத்துப் பேசவில்லை. முதல் நாவல் காளி போய்விடுவானா இருப்பானா என்ற இடத்தில் முடிகிறது. ‘அர்த்தநாரி’யில் அவன் பிழைக்கிறான். ‘ஆலவாய’னில் அவன் இல்லை. ஆசிரியர் தன் நூலுக்கே இரண்டு வெவ்வேறு பிற்கதைகளை எழுதி, இரண்டையும் ஒன்றாக வாசகர் கையில் கொடுத்திருக்கிறார். இதை உத்தி விளையாட்டாக வாசிக்கலாம், அப்படி வாசித்தவர்களும் உண்டு. நான் அதில் ‘கமலாம்பா’ளின் பிளவை மறுபடி காண்கிறேன். இந்த முறை ஆசிரியர் இருபுறமும் நடந்து பார்க்கிறார். காளி உயிரோடு இருக்கும் நூலில் அவனுடைய கோபமும் மௌனமும்தான் வீட்டை நிறைக்கின்றன. பொன்னா பேச முயன்றுகொண்டே இருக்கிறாள். அவன் போய்விட்ட நூலில்தான் அவளுக்கு இடம் கிடைக்கிறது. தாய், மாமியார், அவள் என்று மூன்று பெண்கள். பார்க்க வேண்டிய காடு, மாடு, வயிற்றில் பிள்ளை. கணவனின் நினைவு தொண்டுப்பட்டியில் மூலைக்கு மூலை நிற்கிறது. ஊர் என்ன கேட்கும் என்பதற்குப் பதில் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, விதைப்புக்கு மண்ணையும் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. மூவரும் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.